கண்மாயை மிஷினிடம் கொண்டுபோன கோணனேந்தல்காரர்கள்

கோணனேந்தல் ஊர்க்காரர்கள் யார் என்ன சொன்னாலும் தட்ட மாட்டார்கள். “போய்ச் சோலியைப் பாரு” என்று சொன்னால், சோலி எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அந்த வருஷம் அவர்களுடைய கண்மாய் மண் மேடிட்டுக் கிடந்தது. முந்தின மழைக்கு வந்த தண்ணீர் தங்க இடமில்லாமல் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டது. நெல் கருகியது. இந்த மழைக்குள் தூர் வாராவிட்டால் ஊரோடு திருப்பூருக்குப் பிழைக்கப் போகவேண்டியதுதான். ஊர் கூடி யோசித்து, மண் அள்ளும் மிஷின் ஒன்றைப் பழசாக வாங்கிவிடலாம் என்று முடிவு பண்ணினார்கள். பொறுப்பு ராக்கப்பன் தலையில் விழுந்தது. ஏனென்றால் அவன் ஒருமுறை மதுரைக்குப் போய்விட்டுத் தொலையாமல் திரும்பி வந்தவன்.

ராக்கப்பனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஏமாந்துவிட்டால் ஊர் முகத்தில் எப்படி முழிப்பது? துணைக்கு இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டான். ஒருத்தன் சேவுகன், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாலும் “யாருப்பா நீ?” என்று கேட்கிற சந்தேகக்காரன். இன்னொருத்தி ஆண்டிச்சி, மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்குகிறவள்.

மூன்று மைல் தள்ளி, நாலு வழிச் சாலையோரம், தேவசகாயம் என்பவர் பழைய மிஷின்களை நிறுத்தி விற்றுக்கொண்டிருந்தார். ஒரு மஞ்சள் மிஷினைக் காட்டினார். நீளமாக ஒரு கை, கை முனையில் பல் வைத்த பக்கெட். ஆண்டிச்சி நேரே போய்ப் பல்லைப் பிடித்துப் பார்த்து, “இளசுதான்” என்றாள்.

“செகண்ட் ஹேண்ட்தான், ஆனா தங்கமான மிஷின்” என்றார் தேவசகாயம்.

சேவுகன் மிஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். “ஹேண்டுன்னா கை. அது எனக்குத் தெரியும். இங்க ஒரு கைதான இருக்கு? செகண்ட் ஹேண்டைக் காட்டுங்க.”

“அய்யா, ஏற்கெனவே ஒருத்தரு வச்சிருந்த வண்டின்னு அர்த்தம்.”

“இன்னொரு கையை அவரே வச்சுக்கிட்டாராக்கும்?”

தேவசகாயம் மிஷினைத் தட்டிக் கொடுத்தார். பிறகு, “நாலாயிரம் மணி நேரந்தான் ஓடியிருக்கு” என்றார்.

மூன்று பேரும் ஒதுங்கிப் போய் வேப்பமரத்தடியில் கூடிப் பேசினார்கள்.

“ஓடியிருக்காமுல்ல!” என்றான் ராக்கப்பன். “யாரு விரட்டினதுன்னு தெரியலையே.”

“ஓடிப் பழகின மாடு ஒரு எடத்துல நிக்காது” என்றாள் ஆண்டிச்சி. “நாம அந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள மறுபடி ஓடிரும்.”

சேவுகன் இடுப்பில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து மிஷினை வேப்பமரத்தில் கட்டிவிட்டு வந்தான்.

தேவசகாயம் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “எஞ்சின் சுத்தமா ஆயில் குடிக்காது. அதுக்கு நான் கேரண்டி.”

“பாவம்” என்றாள் ஆண்டிச்சி. “நீராகாரமாச்சும் குடிக்குமா?”

“சிங்கிள் ஓனர் வண்டிம்மா! ஒரே ஆளு கையில பழகினது!”

இதைக் கேட்டதும் ராக்கப்பனுக்குக் கவலை வந்துவிட்டது. ஒரே ஆளுக்குப் பழகினது, ஊர் முழுக்க வந்து நின்றால் மிரளாதா? பக்கெட்டுக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, “நான் ராக்கப்பன், வீரணன் மகன், வடக்குத் தெரு” என்று பவ்யமாகச் சொன்னான். மற்ற இருவரும் அதேபோல் தங்கள் பேரைச் சொன்னார்கள். மிஷின் மிரளவில்லை. மூவருக்கும் நிம்மதி.

தேவசகாயம் கடைசியாக ஒன்று சொன்னார். “அய்யா, எங்க கண்டிசன் இதுதான். எங்க நிக்குதோ அங்க, எப்படி இருக்கோ அப்படியே குடுக்குறோம். அப்புறம் அது நொட்டை இது நொள்ளைன்னு வந்து நிக்கக் கூடாது.”

“எங்க நிக்குதோ அங்க. எப்படி இருக்கோ அப்படியே. கோணனேந்தல்காரன் வாக்கு மாற மாட்டான்” என்று ராக்கப்பன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணினான். தேவசகாயம் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டு, மகள் பிரசவத்துக்கென்று நாகர்கோவிலுக்கு பஸ் ஏறிவிட்டார்.

அவர் போன பிறகுதான் ராக்கப்பனுக்கு உறைத்தது. “எங்க நிக்குதோ அங்கன்னா, இதைக் கண்மாய்க்குக் கொண்டுபோக முடியாதே!”

“சத்தியம் வேற பண்ணித் தொலைச்சிட்ட” என்றான் சேவுகன். அந்த நேரம் பார்த்து, அங்கே வேலை பார்க்கிற டிரைவர் மிஷின் கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைக்க வந்தார். “எப்படி இருக்கோ அப்படியே!” என்று சேவுகன் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

ராக்கப்பன் மிஷின் நிழலில் குந்தி அழாத குறையாக இருந்தான். ஊரை நடுத்தெருவில் நிறுத்திவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டான். ஆண்டிச்சி பக்கத்தில் வந்து குந்தினாள்.

“மிஷினு கண்மாய்க்கு வரக் கூடாது. சரி. கண்மாய் மிஷினுகிட்ட வரக் கூடாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?”

ராக்கப்பன் எழுந்து நின்று அவளைக் கும்பிட்டான்.

மறுநாள் விடிந்ததும் ஊரே கண்மாய்க்குள் இறங்கியது. ஆணும் பெண்ணும் மண்வெட்டியால் வெட்டி, கூடையில் அள்ளி, மாட்டு வண்டியில் ஏற்றி, மூன்று மைல் நடந்து, மிஷினுக்கு முன்னால் கொட்டினார்கள். டிரைவர் முதலில் சிரித்தார். கூலியைக் கையில் வைத்ததும் ஏறி உட்கார்ந்து அந்த மண்ணை அள்ளி இந்தப் பக்கம் போட்டார். ஒவ்வொரு பக்கெட்டுக்கும் குலவைச் சத்தம் வானத்தைப் பிளந்தது.

“அள்ளின மண்ணை என்ன பண்றது?” என்று கேட்டார் டிரைவர்.

“தூர் வாரின மண்ணைக் கரையில போடுறதுதான முறை?” என்றான் ராக்கப்பன். மறுபடி கூடை, மறுபடி வண்டி, மறுபடி மூன்று மைல். கண்மாய்க் கரையில் கொண்டுவந்து போட்டார்கள்.

பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய தேவசகாயம், தன் இடத்தில் மண் மலையையும் அதைச் சுற்றி மாட்டு வண்டிகளையும் கண்டு நடுங்கிப்போனார். “யோவ், மிஷினை ஓட்டிட்டுப் போங்கய்யா!”

“எங்களைச் சோதிக்காதீங்க அண்ணாச்சி. கொடுத்த வாக்கை மீற மாட்டோம்” என்று சொல்லிவிட்டு அடுத்த கூடையைத் தூக்கினான் ராக்கப்பன்.

மழைக்கு முன்னால் கண்மாய் ஆழமாகிவிட்டது. கரையும் உயர்ந்துவிட்டது. ஐப்பசியில் கொட்டின மழைத் தண்ணீர் அலையடித்து நின்றது. அடுத்த ஊர்க்காரர்கள் அதிசயப்பட்டு, எப்படிச் செய்தீர்கள் என்று விசாரிக்க வந்தார்கள். ராக்கப்பன் கட்டிலில் குப்புறக் கிடந்தான். சேவுகன் அவன் இடுப்புக்கும் தோளுக்கும் வேப்பெண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தான்.

“எல்லாம் மிஷினு பண்ணின வேலை” என்றான் ராக்கப்பன், வலியில் முனகிக்கொண்டே. “நீங்களும் ஒண்ணு வாங்கிருங்க. இம்புட்டு மண்ணையும் ஆளுக அள்ளியிருந்தா எங்க கதி என்னாயிருக்கும்!”