ஒரே ஒரு நாளைக்கு அவிழ்த்து விடு தாயி

சீனிச்சாமிக்கு வயிறு எரிந்தது. சாப்பாட்டால் இல்லை. தவசியால்.

முனி கோயிலுக்கு வந்த சீனிச்சாமி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வெளியே நின்றபடியே வலது கையை நீட்டினான். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு இருந்தது.

"அவிழ்த்து விடு தாயி. இன்னைக்கு ஒரே ஒரு நாளைக்கு."

குடியை விட நினைக்கிறவர்கள் அந்தக் கோயிலுக்கு வந்துதான் கயிறு கட்டிக்கொள்வார்கள். கயிறு கையில் இருக்கிறவரை தொட மாட்டார்கள். தொட்டால் முனி சும்மா விடாது என்று பயம். ஆனால் பொங்கல் வந்தால், ஊர்த் திருவிழா வந்தால், அதே ஆட்கள் வரிசையில் நின்று அவிழ்த்துக்கொண்டு போவார்கள். விழா முடிந்ததும் வந்து திரும்பக் கட்டிக்கொள்வார்கள். கேட்டால், முனியை ஏமாற்றவில்லை, லீவுதான் கேட்கிறோம் என்பார்கள்.

பூசாரி மாயக்காள் யாரையும் மறுத்ததில்லை. கட்டு என்றால் கட்டுவாள். அவிழ் என்றால் அவிழ்ப்பாள். சீனிச்சாமியைவிட வயதில் சின்னவள்தான். அவளைத்தான் என் குரு என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். கயிறு கட்டிய நாளிலிருந்து தினமும் வந்து கோயிலைக் கூட்டுவதும் விளக்குப் போடுவதும் அவன்தான். சரக்கு வண்டி ஓட்டுகிறவன். தடித்த உடம்பு. குனிந்து கூட்டினால் மூச்சு வாங்கும். இருந்தாலும் கூட்டுவான்.

"என்னண்ணே, குடிக்கணும்போல இருக்கா?"

"குடிக்கல்லாம் இல்ல. ஆடணும்."

"ஆடுங்களேன். நான் கையிலதானே கட்டியிருக்கேன். கால்லயா கட்டுனேன்?"

"விளையாடாத தாயி. குடிக்காம ஆட்டம் வராது. நேத்துப் பார்த்துட்டேன்."

போன வருஷம்வரை மேளத்துக்கு முன்னால் ஆடியது சீனிச்சாமிதான். அவன் ஆடினால் பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடுவார்கள். நேற்று முளைப்பாரி ஊர்வலத்தில் அந்த இடத்தில் தவசி ஆடினான். தவசி வேறு யாருமில்லை, சீனிச்சாமி மனைவியின் தம்பி. நல்ல போதை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் போட்ட ஆட்டத்துக்கு ஊரே கூச்சல் போட்டது. சீனிச்சாமி லைட்டுக் கம்பத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பமாக நின்றான்.

"என் பொண்டாட்டி விசில் அடிக்கிறா தாயி. இத்தனை வருஷம் ஆடியிருக்கேன். எனக்கு ஒரு நாள் அடிச்சதில்ல."

"தம்பிக்குத்தானே அடிச்சா?"

"யாருக்கா இருந்தா என்ன? எனக்கு எரியுது. அவன் கால் தடுக்கி விழணும்னு வேண்டிக்கிட்டேன். நெசமாத்தான் சொல்றேன். முனிகிட்டயே வேண்டுனேன்."

"விழுந்தாரா?"

"விழுந்தான். அதையும் ஆட்டம்னு நினைச்சுக் கை தட்டுறானுங்க."

மாயக்காள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"குடிக்காதவனுக்குத் திருவிழாவுல என்ன தாயி இருக்கு? அதைச் சொல்லு. சொல்லிட்டு அவிழ்த்து விடு. மஞ்சத்தண்ணி ஊத்த ஆரம்பிச்சுட்டானுங்க. மேளம் கிளம்பிரும்."

அவள் அவன் கையைப் பிடித்தாள். கயிற்றைப் புரட்டிப் பார்த்தாள். முடிச்சு நன்றாக இறுகியிருந்தது.

"அவிழ்க்கிறேன். அதுக்கு முன்னாடி தவசிகிட்ட ஒன்னு கேட்டுட்டு வாங்க. நேத்து அவருக்கு எது ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு."

"அதைத் தெரிஞ்சு நான் என்ன செய்ய?"

"இப்படி எரியுதுங்கிறீங்க. எதுக்கு எரியுதுன்னு விவரமாத் தெரிஞ்சுக்க வேண்டாமா?"

முணுமுணுத்துக்கொண்டே போனான்.

திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் மஞ்சள் தண்ணீர். இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"என்ன சொன்னாரு?"

"ஒன்னும் சொல்லல. தலையைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல உட்கார்ந்திருந்தான். 'நேத்து எது மாப்ள நல்லா இருந்துச்சு?'ன்னேன். 'நான் ஆடுனேனா மாமா?'ங்கிறான். என்கிட்டயே கேக்குறான் தாயி!"

"அப்புறம்?"

"அப்புறம், 'நம்ம ஹர்ஷினி பாரி எடுத்தாளாமே, நீ பார்த்தியா?'ன்னான்."

ஹர்ஷினி தவசியின் மகள். முளைவிட்ட பயிர்ச் சட்டியைத் தலையில் சுமந்து முளைப்பாரி எடுப்பது அவளுக்கு இதுதான் முதல் வருஷம்.

"பார்த்தீங்களா?"

"பார்க்காம? சும்மாதானே நின்னேன். பிள்ளையோட பாரி சரியா வளரல. நாலு விரல் உசரம்தான். பக்கத்துல போற பிள்ளை பாரி ஒரு சாண் இருக்கு. இவளுக்குப் பொறுக்கல. குதிகாலைத் தூக்கிட்டா. ஊரைச் சுத்தி முடிக்கிறவரைக்கும் நுனிக்கால்லயே நடந்தா தாயி. தன் பாரியும் உசரமாத் தெரியணுமாம்."

"அதைச் சொன்னீங்களா அவர்கிட்ட?"

"சொன்னேன். அவனுக்குப் பத்தல. நடந்து காட்டு மாமான்னான். நடந்து காட்டுனேன். வாசல்ல இருந்த பொம்பளைங்கல்லாம் விழுந்து விழுந்து சிரிக்குறாங்க. என் பொண்டாட்டியும் அங்கதான் இருந்தா. வாயில விரலை வச்சு ஒரு விசில் விட்டா பாரு, தெருநாய் எந்திரிச்சு ஓடிருச்சு."

"தவசி?"

சீனிச்சாமி ஈரச் சட்டையின் நுனியைப் பிழிந்தான்.

"அவன் மட்டும் சிரிக்கல. என்னையே பார்த்துக்கிட்டு இருந்தான். 'வயிறு எரியுது மாமா'ன்னான். 'எம் பிள்ளை நடை உன்கிட்ட இருக்கு. என்கிட்ட இல்ல'ன்னான்."

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"பொய் சொல்ல மாட்டேன். மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. நேத்து நான் பட்டதை இன்னைக்கு நீ படுடான்னு. அப்புறம் நல்லா இல்ல."

"ஏன்?"

"ஒன்னை அவன்கிட்ட மறைச்சுட்டேன். நேத்து அந்தப் பிள்ளை அவன் முன்னாடி வந்து நின்னு 'அப்பா'ன்னு கூப்பிட்டுச்சு தாயி. அவன் ஆடிக்கிட்டே, 'ஏ பாப்பா, ஓரமாப் போ'ன்னான். யாருன்னே தெரியல அவனுக்கு. இன்னைக்கு, 'என்னைப் பார்த்தாளா மாமா?'ன்னு கேட்டான். பார்த்தா மாப்ளன்னேன். அதோட வந்துட்டேன்."

மாயக்காள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். ஊருக்குள் மேளம் கிளம்பியது. சீனிச்சாமி சட்டென்று எழுந்து கையை நீட்டினான்.

"கேட்டுட்டு வந்துட்டேன்ல. அவிழ்த்து விடு."

"அவிழ்க்கிறேன். அந்தப் பிள்ளை எப்படி நடந்தா? எனக்கும் காட்டுங்க. நான் கோயிலை விட்டு எங்க வந்தேன்."

"அட போ தாயி."

"காட்டுங்கண்ணே."

அவன் வெளியே ஒரு பார்வை பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, இல்லாத பாரியைப் பிடித்துக்கொண்டான். குதிகாலை உயர்த்தினான். தொந்தி ஆடியது. பக்கத்தில் போகிற பிள்ளையின் பாரியை ஓரக்கண்ணால் பார்த்தான். இன்னும் கொஞ்சம் எக்கினான். தூரத்தில் மேளம் அடி மாறியது. அவன் காலும் மாறியது. விளக்குக்கு முன்னால் ஒரு சுற்றுப் போனான். இன்னொரு சுற்றும் போனான். மாயக்காள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மேளம் தெரு திரும்பிப் போய்விட்டது. அவன் நிற்கவில்லை.

"சரி, போதும். கையை இறக்குங்கண்ணே," என்றாள் மாயக்காள். "கயித்தை அவிழ்க்கணும்ல?"

சீனிச்சாமி நின்றான். மூச்சு வாங்கியது.

கையை இறக்கவில்லை.