இருவாச்சி கட்டிய பாட்டு

மழை மிகுந்த ஒரு மலைக்காட்டில் இருவாச்சி இணை ஒன்று முதல்முறையாகக் கூடு வைத்தது.

குழந்தைகளே, இருவாச்சிகளின் வழக்கம் சற்று வேறானது. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலைச் சேற்றால் அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் எஞ்சும். ஆண் பறவை கொண்டுவரும் பழமே உள்ளே இருப்போர்க்கு உணவு.

அந்தக் காட்டில் ஒரு மரநாயும் இருந்தது. இந்தக் கதையில் அதை உடும்பு என்று சொல்வோரும் உண்டு. மரம் ஏறும் என்பதிலும், எவர் குரலிலும் பேசும் என்பதிலும் மாறுபாடில்லை. நீட்டிய அலகை அது பிடித்து இழுத்தால் கூடு போயிற்று. ஆகவே பொந்துக்குள் போகுமுன் பெண் இருவாச்சி, குரலை மட்டும் நம்பி அலகை நீட்ட மாட்டேன் என்றும், வந்தது யார் என்று தெரிய ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்றும் சொல்லிவிட்டது.

ஆண் இருவாச்சிக்குப் பாட்டுக் கட்டிப் பழக்கமில்லை. ஓடைக்கரையில் அமர்ந்து இரண்டு அடி கட்டிப் பார்த்தது. அவை அதற்கே பிடிக்கவில்லை. காட்டில் பெயர் பெற்ற பாடகியான மலைமைனாவிடம் சென்றது.

"அலகு பெரிதாக இருந்தால் பாட்டு வந்துவிடுமா, தம்பி?" என்றது மைனா. "சொந்தமாகக் கட்டி எல்லோரையும் சிரிக்க வைக்காதே. என் நிலாப்பாட்டைப் பாடு. அதை அறியாதவர் இந்தக் காட்டில் இல்லை."

ஆண் இருவாச்சி அதைப் பிழையறக் கற்றுக்கொண்டது. பெண் பொந்துக்குள் போனபின், நாள்தோறும் அதைப் பாடியே பழம் ஊட்டியது. நாட்கள் சென்றன. குஞ்சு பொரிந்த மறுநாள், பொந்தின் முன் வந்து பாடியது. அலகு வெளியே வரவில்லை.

"இதே பாட்டைக் காலையில் ஒருவன் பாடினான்" என்றது உள்ளிருந்த குரல். "நம்பி அலகை நீட்டப் போனேன். பிளவில் நகம் தெரிந்தது. இந்தப் பாட்டில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"

நான்தான் வந்திருக்கிறேன் என்று ஆண் இருவாச்சி கெஞ்சியது. அவனும் அப்படித்தான் சொன்னான் என்று பதில் வந்தது.

உள்ளே குஞ்சு பசியால் கத்திக்கொண்டிருந்தது. உச்சிப்பொழுதில் அந்தக் குரல் மெலிந்தது. ஆண் இருவாச்சி தனக்குத் தெரிந்த பாட்டுகளை எல்லாம் நினைத்துப் பார்த்தது. அவை யாவும் காடே பாடும் பாட்டுகள். வேறு வழியின்றி, அன்று நடந்ததையே வாய்க்கு வந்தபடி பாடத் தொடங்கியது.

"அத்திப்பழம் பறிக்கப் போனேன்,
குரங்கு வந்து அறைந்தது.
ஏழு பழம் வாயில் எடுத்தேன்,
இருமல் வந்து மூன்று போச்சு.
மீதி நான்கு இருக்குதடி,
மெட்டுத்தான் வரவில்லை."

பக்கத்துக் கிளையில் மைனா சிரித்தது. பொந்துக்குள் பெண் இருவாச்சியும் சிரித்தது.

"பழத்தைத் தவறவிட்டதைப் பாட்டில் வைக்கும் திருடன் எங்கும் இல்லை" என்று சொல்லி அலகை நீட்டியது. நான்கு பழமும் உள்ளே போயின.

புதரில் பதுங்கியிருந்த மரநாய் எல்லாவற்றையும் கேட்டது. இருமல் முதல் மெட்டுத் தடுமாறிய இடம்வரை ஒன்றுவிடாமல் பயின்றது. மறுநாள் ஆண் இருவாச்சி இரைதேடிப் போனதும் மரமேறி, அத்திப்பழப் பாட்டை அதே குரலில் பாடி முடித்தது.



"அந்தப் பழங்களை நேற்றே தின்றாயிற்று" என்றது பெண் இருவாச்சி. "இன்று என்ன நடந்தது?"

மரநாய் விழித்தது. "இன்று... இன்று ஒன்றும் நடக்கவில்லை."

"ஒன்றும் நடக்காதவருக்கு இவ்வளவு உயரத்தில் என்ன வேலை?"

சொல்லி முடிக்குமுன் பிளவிலிருந்து அலகு பாய்ந்து மரநாயின் மூக்கில் இறங்கியது. வந்த வழியைக் கூடப் பாராமல் அது சறுக்கி விழுந்து ஓடியது.

பிறகு ஆண் இருவாச்சி மழையில் நனைந்து வந்து சேர்ந்தது. நனைந்த கதையைப் பாட்டாக்கித் தொடங்கியது. மெட்டு அன்றும் சரியாக அமையவில்லை. இரண்டாம் அடி முடியுமுன்பே அலகு வெளியே வந்துவிட்டது.

நீதி: தான் கண்டதையும் பட்டதையும் கொண்டு கட்டிய பாட்டு, மெட்டுத் தடுமாறினாலும் பாடியவர் இன்னார் என்று சொல்லிவிடும்.