இழுப்பு நின்ற மதியம்

நெஞ்சு நோய் ஆஸ்பத்திரிக்குத் தாமாக வருகிறவர்கள் இரண்டு வகை. மூச்சு முட்டியவர்கள் ஒன்று, ஓட்டுக் கேட்கிறவர்கள் இன்னொன்று. கோமதிநாயகம் இரண்டிலும் சேராதவர். அவர் படிக்க வந்தார்.

எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். பஞ்சாலைத் தொழிற்சங்கத்தில் தலை நரைத்தவர். பள்ளிக்கூடம் அவரை ஐந்தாம் வகுப்போடு வெளியே அனுப்பிவிட்டது. மிச்சத்தை நாலணாத் துண்டுப் பிரசுரங்களிலிருந்து கற்றுக்கொண்டார். சங்கம் உடைந்தபோது ஒரு கோஷ்டி கொடியை எடுத்துக்கொண்டது, மறு கோஷ்டி கட்டிடத்தை எடுத்துக்கொண்டது. பிரச்சாரப் பாட்டுக் குழுவின் சுருதிப்பெட்டியை யாரும் கேட்கவில்லை. அது அவர் பங்குக்கு வந்தது.

ஒருநாள் சும்மா அதை நெஞ்சோடு சேர்த்து வைத்து இயக்கினார். பல வருஷப் பஞ்சுத்தூசி படிந்த நெஞ்சு அது. பலகை அதிர்ந்தது, விலா அதிர்ந்தது, உள்ளே ஒட்டிக் கிடந்த சளி நகர்ந்தது. துப்பிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

பார்த்த டாக்டர்கள் எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் ஜெஸிந்தா சிரிக்கவில்லை. அவருக்குக் கோமதிநாயகத்தின் மகள் வயது இருக்கும். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து முதுகைக் காட்டினார்.

"வையுங்க. வாசிங்க."

கோமதிநாயகம் துருத்தியை அசைத்தார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"நல்லா அதிருது. சளி கழரும். ஆனா சளி வேற, இழுப்பு வேற. மூச்சுக்குழாய் சுருங்கிக் கிடக்கிறப்ப இது என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சவங்களுக்கு இங்க வேலை இல்ல, தோழர். தெரியாதவங்க ரெண்டு பேர் சேர்ந்தா ஆராய்ச்சி பண்ணலாம்."

அன்றைக்கே அவர் சீடரானார். வாழ்நாளில் யாரிடமும் குனியாத கழுத்து அது. அந்த அம்மாள் முன்னால் கொஞ்சம் குனிந்தது.

அனுமதிக்காக டாக்டர் மாதக்கணக்கில் கமிட்டியின் வாசலில் நின்றார். குளிரூட்டிய அறையில் இருந்தவர்களுக்கு மூச்சு முட்டவில்லை, அதனால் அவசரமும் இல்லை. கடைசியில் கையெழுத்து வந்தது. மருந்தும் ஆக்சிஜனும் எப்போதும்போல நடக்க வேண்டும், அதோடு பெட்டியையும் வைத்துப் பார்க்கலாம் என்று ஏற்பாடு.

கோமதிநாயகம் பலகை மேல் ரவையைத் தூவிப் பெட்டியை இயக்குவார். ஒவ்வொரு சுருதிக்கும் ரவை ஒவ்வொரு விதமாக ஒதுங்கும். எங்கே பலகை துள்ளுகிறது, எங்கே சும்மா கிடக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார்.

"தோழர் உப்புமாவுக்கு ரெடி பண்றார்" என்பார் வார்டு சிஸ்டர்.

"சிரிங்க சிஸ்டர், சிரிங்க. நாளைக்கு இதைப் புஸ்தகத்துல படிப்பீங்க."

ஒருநாள் அவர் டாக்டரிடம் கேட்டார். "ரத்தத்துல அமிலம், காரம்னு என்னமோ பேசிக்கிறீங்களே, அது என்ன?"

"வேகமா மூச்சு விடுங்க. நாய் இளைக்கிற மாதிரி" என்றார் டாக்டர்.

கோமதிநாயகம் விட்டார்.

"நிறுத்தாதீங்க."

கொஞ்ச நேரத்தில் அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "தலை சுத்துது. விரலெல்லாம் சுருசுருங்குது."

"போதும். மூச்சோட வெளிய போறது கரியமில வாயு. ரத்தத்துல அது இருந்தா அமிலம். வேகமா விட்டீங்க, அளவுக்கு மேல வெளிய போயிருச்சு. இப்ப உங்க ரத்தம் காரப் பக்கம் சாய்ஞ்சு நிக்குது. ஆஸ்துமா இழுப்புல முதல்ல நடக்கிறது இதுதான். அந்த வாயு நாற்பதுல இருக்கணும். இழுக்கிறவங்களுக்கு முப்பதுக்குக்கூட இறங்கும்."

கோமதிநாயகம் நாற்காலியில் சாய்ந்தார். அவருக்குப் பிடித்துப்போனது. இது தராசு. தராசை அவருக்குத் தெரியும்.

"அப்ப முப்பதுன்னா அநியாயம், நாற்பதுன்னா நியாயம்."

"நாற்பதுன்னா நாற்பது. அவ்வளவுதான்."

"சமநிலை திரும்பிருச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"ஆளைப் பார்த்து."

"அதான் எண் இருக்கே?"

"எண்ணும் இருக்கு" என்றார் டாக்டர். ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டார்.

அந்த வார்டில் டாக்டர் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. கட்டிலுக்குக் கட்டில் நின்று, "பேரும் ஊரும் ஒரே மூச்சுல சொல்லுங்க" என்பார். முழுதாகச் சொன்னால் தேவலை. பாதியில் மூச்சு வாங்கினால் இன்னும் தேறவில்லை. பேரையே சொல்ல முடியாவிட்டால் சிஸ்டர் ஓடுவார். கோமதிநாயகத்துக்கு இது பத்தாம்பசலியாகப் பட்டது. மெஷின் இருக்கும்போது இதென்ன பள்ளிக்கூடத்து வருகைப் பதிவு என்று நினைத்துக்கொள்வார்.

ஆராய்ச்சிக்குச் சம்மதித்தவர்களில் வெள்ளைத்தாய் ஒருத்தி. ஜின்னிங் மில்லில் பஞ்சு அள்ளுகிறவள். வாய் சும்மா இருக்காது.

"அண்ணாச்சி, உங்க பொட்டியை முதுகுல வச்சா வண்டு புகுந்த மாதிரி இருக்கு."

"சளி கழருதா இல்லியா, தாயி?"

"கழருது, கழருது. வீட்டுக்காரரும் ராத்திரி பூரா இப்படித்தான் குறட்டை விடுவாரு. அதுக்கு ஒரு சளியும் கழரல."

பஞ்சு வரத்து அதிகமான மாசி மாதம். ஒரு மதியம் அவளை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். இழுப்புச் சத்தம் ஆளுக்கு முன்னால் வராந்தாவுக்குள் வந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள்.

"பேர் என்ன?" என்றார் டாக்டர்.

"வெள்..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

ஆக்சிஜன், புகை மருந்து, ஊசி எல்லாம் மளமளவென்று நடந்தன. மணிக்கட்டிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். வாயு முப்பது. ரத்தம் காரப் பக்கம் சாய்ந்திருந்தது. பாடத்தில் உள்ளபடியே.

கோமதிநாயகம் பெட்டியோடு தயாராக நின்றார். டாக்டர் அவரைப் பார்த்தார்.

"வையுங்க. ஆனா அடிக்கடி நிறுத்திட்டு அவளைப் பேச வையுங்க."

பக்கத்து வார்டில் யாரோ ரத்தமாக வாந்தி எடுக்கிறார் என்று ஆள் வந்தது. டாக்டர் ஓடினார்.

கோமதிநாயகம் பலகையை அவள் முதுகில் சேர்த்தார். துருத்தி ஏறி இறங்கியது. ரீங்காரம் அறையை நிறைத்தது. முதலில் இழுப்பும் சுருதியும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. போகப்போக இழுப்பு தணிந்தது. பிறகு சுருதி மட்டும் கேட்டது.

வெள்ளைத்தாய் மெல்லச் சாய்ந்து தலையணையில் தலை வைத்தாள். கண் சொருகியது. புடைத்த நரம்பு அடங்கியது.

பேச வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். இவ்வளவு பாடுபட்டவள் இப்போதுதான் கண் அயர்கிறாள், எழுப்புவது பாவம் என்று பட்டது கோமதிநாயகத்துக்கு. விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் கருவியும் நல்ல எண்ணைத்தான் காட்டியது.

சிஸ்டர் வந்து மறுபடி ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

"தோழர்! நாற்பது!"

"அமிலம் காரம்?"

"ஏழு புள்ளி நாலு. அச்சு மாதிரி நார்மல்."

கோமதிநாயகம் துருத்தியை நிறுத்தாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்பது. சிரித்த டாக்டர்கள் ஒவ்வொருவர் முகமும் அவருக்கு ஞாபகம் வந்தது. நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லிப் பெட்டியைச் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து வார்டுக்கு நடந்தார். வேட்டி தடுக்க, ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"டாக்டர், நாற்பது வந்துருச்சு! இழுப்பு சுத்தமா நின்னுருச்சு. பெட்டி ஜெயிச்சுருச்சு!"

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "என்ன பேசினா?"

"பேசல. அமைதியா படுத்திருக்கா."

கையுறை தரையில் விழுந்தது. டாக்டர் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

"நிறுத்துங்க அதை" என்றார் உள்ளே நுழைந்ததும். சிஸ்டர் பெட்டியை எடுத்தார். அறை நிசப்தமானது.

டாக்டர் வெள்ளைத்தாயின் தோளைப் பிடித்து உலுக்கினார். "பேர் சொல்லும்மா. பேர்!" இமை அசைந்தது. உதடு அசையவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தார். பிறகு காதிலிருந்து கழற்றிக் கோமதிநாயகத்தின் காதில் மாட்டினார்.

"என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல."

"காத்து போனாத்தான் இழுப்புச் சத்தம் வரும். காத்தே போகலைன்னா?"

அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி நீட்டினார்.

"தள்ளி நில்லுங்க. சிஸ்டர், குழாய். வென்டிலேட்டர் அறைக்குச் சொல்லுங்க. இப்பவே."

பிறகு நடந்ததை அவர் சுவர் ஓரமாக நின்று பார்த்தார். தொண்டைக்குள் குழாய் போனது. கட்டில் சக்கரத்தில் உருண்டது. போகிற வழியில் எடுத்த ரத்தத்தில் வாயு ஐம்பத்தெட்டு. ரத்தம் அமிலப் பக்கம் சாய்ந்திருந்தது.

கதவு மூடிக்கொண்டது. வெளியே பெஞ்சில் வெள்ளைத்தாயின் புருஷன் துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோமதிநாயகம் அவன் பக்கத்தில் உட்காரத் துணியவில்லை.

கதவு திறந்தது. டாக்டர் முதலில் புருஷனிடம் போனார். "மெஷின்ல மூச்சு ஓடுது. இன்னும் ஆபத்து தாண்டல. இருங்க." பிறகு கோமதிநாயகத்திடம் வந்தார்.

"நாற்பதுதானே டாக்டர் வந்தது? மெஷின் பொய் சொல்லுமா?"

"சொல்லாது."

"பிறகு?"

"மூச்சு விட்டு விட்டு அவ களைச்சுட்டா. விட முடியாம வாயு உள்ளயே தங்கிருச்சு. முப்பதுல இருந்து அறுபதுக்குப் போறது நடுவுல நாற்பதைத் தாண்டித்தானே போகணும். நம்ம தெருவைத் தாண்டி எங்கயோ போற ஆளை, வீடு வந்து சேர்ந்துட்டான்னு நிறுத்தி மாலை போட்டீங்க."

அவர் தலை குனிந்தது.

வெள்ளைத்தாய் பிழைத்தாள். மருந்து மெல்ல வேலை செய்தது, மூச்சுக்குழாய் திறந்தது, தொண்டைக் குழாயை எடுத்தார்கள். கரகரத்த குரலில் அவள் பேசிய முதல் பேச்சு கோமதிநாயகத்தைப் பார்த்துத்தான்.

"என்ன அண்ணாச்சி, பொட்டியோட சேர்த்து என்னையும் மூடப் பார்த்தீகளோ?"

அவர் கும்பிட்டார்.

"கும்பிடாதீங்க. சாமி ஆகிறதுக்கு இன்னும் நாள் இருக்கு" என்றாள். இருமினாள். நெஞ்சு கீச்சுக் கீச்சென்றது. டாக்டர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினார், திருப்தியாக.

அன்று சாயங்காலம் டாக்டர் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் எதிரே வந்து நின்றார்.

"பெட்டியாலதான் இப்படி ஆச்சா?"

"இல்ல. பெட்டி அவளுக்கு நல்லதும் செய்யல, கெட்டதும் செய்யல. அப்படியே எழுதணும்."

"எழுதலாம்." அவர் போகவில்லை. முகம் கறுத்திருந்தது. தன்மேல் கோபம் தீராதபோது அதைப் பங்கு போட ஆள் தேடுகிற முகம்.

"இன்னொண்ணு, டாக்டர். நான் கை தொடற தூரத்துலதான் உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. 'அண்ணாச்சி, முடியல'ன்னு."

டாக்டர் டீயை ஆற்றினார்.

"மில்லு ஜனங்களே இப்படித்தான். எங்க மில் வாசல்ல வருஷக்கணக்கா நின்னு தொண்டை கிழியக் கத்தினவன் நான். ஒருநாள் லேபர் ஆபீஸர் வந்தான். பொம்பளைங்களை வரிசையா நிக்க வச்சு, குறை இருக்கான்னு கேட்டான். தூசி உள்ள போய் ஒவ்வொருத்தரா செத்துட்டிருக்காங்க. ஒருத்தி வாயைத் திறக்கல. குறை இல்லைன்னு எழுதிட்டுப் போயிட்டான். அதோட சங்கம் படுத்தது. அன்னிலேர்ந்து இந்த ஜனங்க மேல எனக்கு ஆத்திரம் அடங்கல. அன்னிக்கும் வாய் இருந்தது, இன்னிக்கும் வாய் இருக்கு. உயிர் போறப்பகூட ஏன் டாக்டர் சொல்ல மாட்டேங்கிறாங்க?"

டாக்டர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"முடியலன்னு சொல்றதுக்கும் மூச்சு வேணும், தோழர்."