ராஜா எடைக் கல்

வேங்கைக்கோட்டை ஜனங்கள் ஒரு நாள் தங்கள் ராஜாவை விரட்டிவிட்டார்கள். விரட்டியது நியாயம்தான். ஊரே கூழுக்கு அலைந்தபோதும் அந்த மனுஷர் வருஷம் தவறாமல் துலாபாரம் ஏறுவார். தன் எடைக்கு எடை வெல்லம் கோயிலுக்குக் கொடுப்பார். வெல்லம் மட்டும் ஜனங்களுடையது!

ராஜா ஆற்றைத் தாண்டி மாமனார் ஊருக்கு ஓடினார். முத்திருளன் என்ற சிப்பாய் ஊருக்குத் தலைவன் ஆனான். ஆனார் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சீக்கிரமே அவருக்கு அப்படித்தான் பிடித்துப்போயிற்று. முதல் நாள் அவர் போட்ட உத்தரவு அழகானது. “இனிமே மகாராஜாவும் கிடையாது, பிரபுவும் கிடையாது. எல்லாரும் எல்லாருக்கும் அண்ணன்!”

இந்த அண்ணன்மாரிடம் மாட்டிக்கொண்டவர் திருமேனிநாதர், அரண்மனை ரசாயனக்காரர். உலோகம் சுடுவார், வெடியுப்பு காய்ச்சுவார். எதைச் செய்தாலும் முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் எடை போடுவார். அப்படிப் போட்டுப் போட்டு ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார். மூடிய குடுவைக்குள் எதை எரித்தாலும் மொத்த எடை குறைவதில்லை. ஓரிடத்தில் காணாமல் போனது இன்னோர் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். இதைக் கேட்டு ராஜா பெரிதாகக் கொட்டாவி விட்டார். ஆனாலும் பெருந்தன்மையாக ஒரு பச்சைக்கல் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

காவலர்கள் திருமேனிநாதரைப் பிடித்த அன்று முதலில் பிடுங்கியது அந்த மோதிரத்தைத்தான்.

பல மாதம் கழித்து விசாரணைக்குக் கொண்டுவந்தபோது, சபை வாசலில் மனைவி சௌந்தரவல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “சபையிலயாவது அடக்கமாப் பேசுங்க. தலை போனா எடை போட்டுப் பார்க்க நீங்க இருக்க மாட்டீங்க.”

“அதுதான் வல்லி எனக்கும் பயமா இருக்கு” என்றார் அவர்.

சபை நிரம்பி வழிந்தது. தலைவர் ராஜாவின் ஆசனத்தில் சாய்ந்திருந்தார். “ஆசனம் வீணாப் போகக் கூடாதே” என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார்.

“துலாபாரத்தில ராஜாவுக்கு எடை போட்டது நீர்தானே?”

“நான்தான் அண்ணே.”

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜா தட்டில் ஏறிக் காத்திருக்கக் கூடாது. அதனால் முந்தின நாளே அவர் எடைக்குச் சரியாகக் கற்களை எடுத்து மூட்டை கட்டிவிடுவார் திருமேனிநாதர். வெல்லத்தை அந்தக் கல்லுக்குத்தான் நிறுப்பார்கள். மறுநாள் ராஜா சும்மா ஏறிக் கும்பிடு வாங்கிக்கொண்டு இறங்குவார்.

“அண்ணே, ஈயத்தைச் சுடுற சோதனை ஒண்ணு பாதியில நிக்குது. அதை முடிக்கிற வரைக்கும் உயிர்ப்பிச்சை கொடுத்தாப் போதும்” என்று கெஞ்சினார் திருமேனிநாதர்.

“சோதனையா? உலகத்தில எதுவும் அழியாதுன்னு சொல்லித் திரியிறது நீர்தானே? நாங்க ராஜாவையே அழிச்சிட்டோம். அது எங்கே போச்சு? இப்பவே காட்டும். காட்டாட்டா தலை தப்பாது!”

சபை கைதட்டியது. திருமேனிநாதருக்கு வியர்த்துக் கொட்டியது. பதில் தெரியாமல் அல்ல, தெரிந்ததால்தான். சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து. எடை போடாமல் சாவதற்கு அவருக்கு மனசு வரவில்லை.

“அந்தத் துலாபாரத் தட்டில கொஞ்சம் ஏறி உட்காரணும், அண்ணே.”

“எதுக்கு?”

“ராஜா எங்கேன்னு காட்டத்தான்.”

தட்டில் ஏற வேண்டும் என்று தலைவருக்கும் ரொம்ப நாளாக ஆசை. வேண்டா வெறுப்பாக ஏறுவதுபோல் ஏறினார். மறு தட்டில் ராஜாவின் கல்மூட்டையை வைக்கச் சொன்னார் திருமேனிநாதர். தராசு ஆடியது. தலைவர் பக்கம் மெல்லக் கீழே இறங்கித் தரையைத் தொட்டது.

“அன்னைக்குக் கோட்டை வாசல்ல பீப்பாய் மேல ஏறி நின்னு பேசினீங்க, அண்ணே. அந்த ஓட்டைப் பீப்பாய் முனகக்கூட இல்லை. அவ்வளவு ஒல்லியா இருந்தீங்க. இப்போ ராஜா முழுசா இங்கே இருக்கார். ஒரு குந்துமணிகூடக் குறையலை.”

“கல்லு மேல போயிருச்சே! கணக்கு சரியில்லையே!” என்று தலைவர் கத்தினார்.

“சரிதான் அண்ணே. மிச்ச எடைக்கு, கூடவே மந்திரியும் வந்திருப்பார்.”

சபையில் எங்கோ ஒரு கிழவி களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், மண்டபமே அதிர்ந்தது. இத்தனை பேர் சிரிக்கும்போது ஒருவன் தலையை மட்டும் எப்படி வெட்டுவது? தலைவர் முறைத்தார். குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். ராஜாவும் அப்படித்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

“போய் உம்ம ஈயத்தைச் சுடும்! இந்தாரும் வெகுமதி” என்று விரலிலிருந்த மோதிரத்தை இழுத்தார். வரவில்லை. இன்னும் இழுத்தார். விரல் சிவந்ததே தவிர மோதிரம் அசையவில்லை. கடைசியில் விளக்கெண்ணெய் கொண்டுவந்து தடவினார்கள்.

திருமேனிநாதர் மோதிரத்தை வாங்கி வேட்டி நுனியில் துடைத்தார். பச்சைக்கல் பளிச்சென்றது.

“நான் சொன்னேனே அண்ணே, எதுவும் காணாமப் போறதில்லைன்னு” என்றார். “என் மோதிரமும் இங்கேதான் இருந்திருக்கு.”