ஆமைக்குச் சேதி கொண்டுவந்த கிளி

தாமரைக் குளத்தில் ஒரு ஆமை இருந்தது. எப்போதோ பாறை உருண்டு விழுந்து அதன் முன்கால் ஒன்று நசுங்கிப்போயிருந்தது. குளத்தையும் கரையையும் தாண்டி அதனால் நடக்க முடியாது. ஆனாலும் காட்டில் நடப்பதெல்லாம் அதற்குத் தெரியும். காரணம், ஒரு மைனா.

விடிந்ததும் மைனா காட்டைச் சுற்றக் கிளம்பும். யார் யார் பேச்சைக் கேட்க ஆமைக்கு ஆசையோ, அந்தப் பதினோரு பேரிடமும் போகும். பிறகு குளத்தின் மேல் சாய்ந்திருந்த புங்க மரக்கிளையில் வந்து உட்கார்ந்து, அவர்கள் பேசியதை அப்படியே சொல்லும். தானாக ஒரு சொல் சேர்க்காது. ஒரு சொல் குறைக்காது. யாராவது பேசாமல் இருந்தால், "முள்ளம்பன்றி இன்று ஒன்றும் பேசவில்லை" என்று அதையும் சொல்லும்.

பதினோரு பேரில் ஆமைக்கு ரொம்பப் பிடித்தது, குன்றுக்கு அந்தப் பக்கம் ஓடையில் வாழ்ந்த நீர்நாயைத்தான். ஆமை அதைப் பார்த்ததே இல்லை. நீர்நாய் எப்போதாவதுதான் பேசும். பேசினாலும் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். "இன்று ஒரு விலாங்கு மீனைத் துரத்தினேன். அது என்னை ஏமாற்றிவிட்டுப் போய்விட்டது. எனக்கே சிரிப்பு வந்தது!" என்று சொல்லும். ஆமை அதை நினைத்து நினைத்து அன்று முழுவதும் சிரித்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் மைனா வாடிய முகத்தோடு வந்தது.

"ஆமை அண்ணா, இந்தப் பௌர்ணமியோடு நான் சேதி சொல்வதை நிறுத்திக்கொள்கிறேன்!"

"ஐயோ! ஏன்?"

"எங்கள் கூட்டம் தெற்கே அத்திக்காட்டுக்குப் போகிறது. சேதி கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள், இனி இந்த வேலை வேண்டாம் என்று தலைவி சொல்லிவிட்டாள்."

"நான் கேட்கிறேனே!"

"நானும் சொல்லிப் பார்த்தேன், அண்ணா. அவள் கேட்கவில்லை. வேறு யாரையாவது சீக்கிரம் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பதினோரு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று புதிதாக வருபவருக்குக் காட்டிவிட்டுத்தான் போவேன்."

சொன்னபடியே, அந்த வேலைக்கு வந்தவர்களுக்கு எல்லா இடத்தையும் காட்டிவிட்டு மைனா போய்விட்டது. ஆமை இரண்டு நாள் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை.

அப்படி வந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று கரிச்சான் குருவி. மற்றொன்று கிளி. ஒவ்வொருவரும் ஒரு நாள் சேதி சொல்லட்டும், பிறகு முடிவு செய்யலாம் என்றது ஆமை.

முதல் நாள் கரிச்சான் வந்தது. கரகரத்த குரல். பதினோரு பேர் பேசியதையும் ஒரே மூச்சில் ஒப்பித்தது. "நீர்நாய் ஒன்றும் பேசவில்லை" என்று முடித்துவிட்டு ஒரு பூச்சியைப் பிடிக்கப் பறந்தது. ஆமைக்குக் கொட்டாவி வந்தது.

மறுநாள் கிளி வந்தது. குரங்கு வழுக்கி விழுந்ததைக் குரங்கு மாதிரியே நடித்துக் காட்டியது. இரண்டு மயில்கள் போட்ட சண்டையை இரண்டு குரலில் பேசிக் காட்டியது. ஆமை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"கிளியே, நாலு பேர் பேச்சைத்தானே சொன்னாய்? மற்றவர்கள்?"

"அவர்கள் சொன்னதில் சுவை இல்லை, அண்ணா! உங்களுக்கு எது பிடிக்குமோ அதைப் பொறுக்கிக் கொண்டுவருவது என் பொறுப்பு. நீங்கள் சிரித்தால் போதும்!"

"நீர்நாய் பேசினால் மட்டும் மறக்காமல் சொல்."

"அதைச் சொல்லாமல் இருப்பேனா!"

ஆமை கிளியையே வைத்துக்கொண்டது. கரிச்சான் கோபித்துக்கொள்ளவில்லை. "தேவைப்பட்டால் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனது.

நாட்கள் சிரிப்பும் கும்மாளமுமாகப் போயின. தொடக்கத்தில் ஆமை தினமும் நீர்நாயைப் பற்றிக் கேட்டது. பிறகு எப்போதாவது கேட்டது. பிறகு கேட்கவே மறந்துவிட்டது.

வைகாசியில் கிளி இறகு உதிர்த்துவிட்டுக் கூட்டிலேயே முடங்கியது. ஒரு வாரம் சேதியே இல்லை. அப்போதுதான் ஆமைக்கு நீர்நாயின் நினைவு வந்தது. குளத்தின் மேல் பறந்துகொண்டிருந்த கரிச்சானைக் கூப்பிட்டது.

"தம்பி, குன்றுக்கு அந்தப் பக்கம் போய் நீர்நாய் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு வருகிறாயா?"

கரிச்சான் உச்சிவேளையில் திரும்பியது. நேராகக் கரையிலேயே இறங்கியது.

"அண்ணா, ஓடையில் தண்ணீர் இல்லை. நீர்நாயும் இல்லை."

"இல்லையா? எங்கே போனது?"

"யாருக்கும் தெரியவில்லை. கரையில் இருந்த நண்டுகளைக் கேட்டேன். சித்திரை முழுவதும் நீர்நாய், சேதி கேட்க வந்த கிளியிடம் தினமும் பேசியதாம். 'ஓடை வற்றுகிறது. பக்கத்தில் எங்கேயாவது தண்ணீர் இருக்கிறதா? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். எவ்வளவு தூரமானாலும் நடந்து வருகிறேன்' என்று கேட்டுக்கொண்டே இருந்ததாம். ஒரு பதிலும் வரவில்லை. கடைசியில் வெயிலோடு வெயிலாகப் பள்ளத்துப் பக்கம் நடந்து போய்விட்டதாம்."

ஆமை தன் குளத்தைப் பார்த்தது. தாமரை இலைகளுக்குக் கீழே தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது. பத்து நீர்நாய்கள் நீந்தலாம். குன்றை ஏறி இறங்கினால் அரை நாள் நடை.

இறகு முளைத்துக் கிளி வந்ததும் ஆமை கேட்டது. "நீர்நாய் பேசியதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

கிளி திகைத்துப்போனது. "அது ஒரே அழுகைப் பேச்சு, அண்ணா! அதுவும் தினமும் ஒரே பேச்சு! ஒரு நாள் ஆரம்பித்தேன். நீங்கள், 'குரங்கு என்ன செய்தது, அதைச் சொல்' என்றீர்கள். நினைவில்லையா?"

ஆமைக்கு நினைவு வந்தது.

"போய் வா, கிளியே" என்று மட்டும் சொன்னது.

கரிச்சான் ஏழு நாள் பள்ளமெல்லாம் தேடியது. ஆற்றங்கரையில் தேடியது. மூங்கில் காட்டில் தேடியது. நீர்நாய் கிடைக்கவில்லை. அது உயிரோடு இருக்கிறதா என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

ஆனியில் மழை பிடித்தது. ஓடையில் மறுபடி தண்ணீர் ஓடியது. ஆமை இப்போது கரிச்சானின் கரகரத்த குரலில் மீதிப் பத்துப் பேரின் பேச்சையும் ஒன்று விடாமல் கேட்கிறது. முள்ளம்பன்றியின் முதுகுவலியைக்கூடக் கேட்கிறது. ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லியனுப்புகிறது. ஆனால் நீர்நாய்க்குச் சொல்ல வேண்டிய பதிலை எங்கே அனுப்புவது என்று அதற்குத் தெரியவில்லை.

நமக்கு இனிப்பதை மட்டும் பொறுக்கித் தருபவரை நம்பி இருந்தால், நம்மை நம்பிப் பேசுகிறவரின் குரல் நம் காதில் விழாமலே போய்விடும்.