ஒன்றும் செய்யாதவளின் விடுப்பு

கோவில்பட்டியில் பதினோரு பேர் சாப்பிடும் வீடு அது. பெரியவர் ராமசுப்புவுக்கு மூன்று மருமகள்கள். மூத்தவள் பேச்சியம்மாள் சமைப்பாள். அடுத்தவள் கோமதி துவைப்பாள், பெருக்குவாள். மூன்றாமவள் வடிவு என்ன செய்கிறாள் என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று சொல்லத் தெரியாது. "சும்மா கூடமாட நிப்பா" என்பார்கள்.

அந்த ஆவணியில் மூவருக்குமே பிறந்த வீட்டுக்குப் போக ஆசை வந்தது. வடிவின் தங்கைக்கு வெள்ளிக்கிழமை வளைகாப்பு. "அக்கா இல்லாம நான் மணையில உட்கார மாட்டேன்" என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

மூவரையும் அனுப்பினால் வீடு என்னாவது? ராமசுப்பு ஒரு போட்டி வைத்தார்.

"ஆளுக்கொரு நாள் கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க. அவ வேலையில வேற யாரும் கை வைக்கக் கூடாது. எவ உட்கார்ந்த நாள்ல வீடு குறையில்லாம நடக்குதோ, அவ பத்து நாள் போயிட்டு வரட்டும். இது என் வார்த்தை."

திங்கட்கிழமை பேச்சியம்மாள் உட்கார்ந்தாள். மதியம் ராமசுப்புவின் மகன்கள் மூவரும் ஒரு சட்டிப் பழைய சோற்றுக்குச் சண்டை போட்டார்கள். செவ்வாய்க்கிழமை கோமதி. ராமசுப்பு அழுக்கு வேட்டியையே உதறிக் கட்டிக்கொண்டார். புதன்கிழமை வடிவு சாய்ந்து உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்தாள். காலையில் இட்லி பூவாக இருந்தது. மதியம் தயிர் கெட்டியாக இருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது.

"பார்த்தியா தாயி, நீ உட்கார்ந்தாலும் வீடு ஓடுது" என்று ராமசுப்பு சிரித்தார். "நீயே போயிட்டு வா."

"சரி மாமா" என்று வடிவும் சிரித்தாள்.

வியாழக்கிழமை காலை. உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு மூத்த மகன் குளியலறையிலிருந்து அலறினான்: "ஏய், தண்ணி நின்னுபோச்சு!"

முந்தின நாள் யாரும் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பவில்லை. அரிசி ஊறப்போடாததால் மாவு இல்லை. பாலுக்கு உறை ஊற்றாததால் தயிரும் இல்லை. மூன்றும் வடிவு தினமும் மறுநாளுக்காகச் செய்து வைக்கும் வேலைகள்; புதன்கிழமை வீடு ஓடியது செவ்வாய்க்கிழமை அவள் செய்து வைத்ததில்தான்.

"மாமா, இவளை அனுப்பாதீங்க" என்றாள் பேச்சியம்மாள். "வீடே நின்னுபோச்சே!"

வடிவு பையைத் தோளில் மாட்டினாள். "நேத்து நிக்கலையேக்கா. வார்த்தை வார்த்தைதானே மாமா? ஒன்பது மணிக்கு பஸ்."

ராமசுப்பு காலித் தயிர்ச் சட்டியை எட்டிப் பார்த்தார்.

நீங்களே சொல்லுங்கள். வடிவு போகலாமா, கூடாதா?

விடை: போகலாம். அவள் செய்வது வேலையே இல்லை என்றால், அவள் போவதால் யாருக்கும் குறைவில்லை. பெரிய வேலை என்றால், இத்தனை வருஷம் ஒரு நாள்கூட நிறுத்தாமல் செய்தவளுக்கு விடுப்பு எப்போதோ கிடைத்திருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அவள் பஸ் ஏற வேண்டியவள்தான். ஏறினாள். புளித்த தயிரை மூன்று நாள் தின்ற பிறகு, உறை ஊற்றும் அளவு ராமசுப்புவுக்குக் கைவந்தது. அரிசி ஊறப்போடவும் மோட்டார் போடவும் மகன்கள் பழகிக்கொண்டார்கள். வடிவு திரும்பி வந்த மறுநாள், பேச்சியம்மாளும் கோமதியும் யாரையும் கேட்காமல் ஒரே நேரத்தில் பெட்டி கட்டினார்கள்.