அடை உருண்ட சரிவு

சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் மீசை இன்றைக்கே உதிர்ந்து சாம்பாரில் விழட்டும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேளுங்கள்.

இமயமலையில் மேகத்துக்கும் மேலே ஒரு மடம். அங்கே குரு, தில்லைநாயகி அம்மா. நாற்பது வயது. சிஷ்யர் ஆவுடையப்பன் திருநெல்வேலிக்காரர், அறுபதைத் தாண்டியவர். அதனால் குரு சிஷ்யரை "அண்ணாச்சி" என்பார்; சிஷ்யர் குருவை "அம்மா" என்பார். காலில் நீளக் கட்டைகளைப் பூட்டி, கையில் கோல் ஊன்றிப் பனியில் சறுக்கித்தான் இருவரும் மலை இறங்குவார்கள்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வழியில் யாராவது ஒருவர் "வேண்டாம்" என்றால் போதும். ஏன் என்று கேட்காமல் எல்லாரும் அந்தப் பாதையை விட்டுவிட வேண்டும்.

அன்று காலை அண்ணாச்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பல வருஷமாகப் பேசாத தம்பி உலகநாதன் மதியப் பஸ்ஸில் அடிவாரத்துக்கு வருகிறான். "அண்ணன் வந்து நிற்கவில்லை என்றால் அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தான். செய்யக்கூடிய ஆள்தான்.

இருவரும் முகட்டுக்கு வந்தார்கள். இடப்பக்கம் பனி துடைத்தெடுத்ததுபோல் காணாமல் போய், கல்லும் முள்ளுமாகப் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. வலப்பக்கம் தயிர் உறைந்ததுபோல் வழவழவென்று ஒரு சரிவு. சறுக்கினால் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் பஸ் நிறுத்தம். அண்ணாச்சி வலப்பக்கம் திரும்பினார்.

"வேண்டாம்" என்றார் அம்மா.

"ஏம்மா?"

மடத்தில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி. கேட்டவரே வாயைப் பொத்திக்கொண்டார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

"கேட்டுட்டீங்க. மீதியையும் கேளுங்க."

"ஒரு வாரமா பனியே விழலையேம்மா. வானத்தப் பாருங்க, கழுவி வச்ச தட்டு மாதிரி!"

"மேலேருந்து விழலை. காத்து?"

காற்று அடித்திருந்தது. சாதாரணமாகவா அடித்தது? முந்தாநாள் அண்ணாச்சி வாசலில் நின்று "நமசிவாய" என்றார். "நம" காதில் விழுந்தது. "சிவாய" மலைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது.

"இந்தக் கல்லு மேல கிடந்த பனியெல்லாம் எங்க அண்ணாச்சி?"

அண்ணாச்சி இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். "இங்க வந்திருக்கு."

"காத்து சுமந்துட்டு வந்து அமுக்கி அடுக்கியிருக்கு. ஓரமா நின்னு கோலால குத்துங்க."

குத்தினார். "டொம்" என்றது, மத்தளம்போல. மேலே கெட்டியாக இருந்தது. அதைத் தாண்டியதும் கோல் சர்க்கரை மூட்டைக்குள் போவதுபோல் இறங்கியது.

"சர்க்கரை மேல அப்பளம்" என்றார் அம்மா. "நடுவுல ஏறி நின்னா உடையும். உடைஞ்சா மொத்தமா வழுக்கும், நம்மளையும் சேர்த்து."

"சில சரிவு தாங்கும்தானேம்மா?"

"தாங்கும்."

"இது?"

அம்மா பையிலிருந்து ஓர் அடையை எடுத்தார். அண்ணாச்சி சுட்டது. காற்றில் மடத்துக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அவர் சுடும் அடையைத்தான் முட்டுக்கொடுப்பார்கள். கையிலிருந்ததை அம்மா சரிவில் உருட்டிவிட்டார். அடை வண்டிச்சக்கரம்போல் ஓடியது, துள்ளியது, கண்ணுக்கு மறைந்தது. சரிவு அசையவில்லை.

அண்ணாச்சி குதித்தார். "பாருங்கம்மா, தாங்கிடுச்சு!"

"அடையை" என்றார் அம்மா.

அண்ணாச்சி குனிந்து தம் தொந்தியைப் பார்த்தார். கட்டைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கல் வழியில் நடந்தார்.

நடந்தார் என்பது மரியாதைக்கு. விழுந்தார், எழுந்தார், கட்டைகள் ஒரு பக்கம் உருள அவர் இன்னொரு பக்கம் உருண்டார். பாதி வழியில் கீழே ஹாரன் கேட்டது. தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்த பஸ் திரும்பிப் புறப்பட்டது. அண்ணாச்சி ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"போயிட்டான்மா."

"பஸ் போயிருக்கு. எந்திரிங்க."

அடிவாரத்து டீக்கடையில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். உலகநாதன்!

"நீ போகலியாடே?"

"பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டேன்ணே. ஜன்னல் வழியா பார்த்தா, கல்லு மேல ஒருத்தன் விழுதான், எந்திரிக்கான், மறுபடி விழுதான். நம்ம அப்பா நடை! முழுசா பாக்காம எப்படிப் போக? இறங்கிட்டேன்."

"சிரிக்கியா? முட்டி ரெண்டும் போச்சு!"

"இன்னொரு தடவ விழுந்து காட்டுண்ணே."

அண்ணாச்சி அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கை தம்பி தோளில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது.

வெகுநேரம் கழித்து அவர் அண்ணாந்து பார்த்தார். வலப்பக்கச் சரிவு வெயிலில் அப்படியே மினுங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, இன்னும் விழாமத்தானே நிக்குது. நம்மளையும் தாங்கியிருக்குமோ?"

"தெரியலை அண்ணாச்சி."

"எப்பத் தெரியும்?"

"தெரியாது. தெரியாமலே இருக்கத்தானே இவ்வளவு தூரம் நடந்தோம்."

அண்ணாச்சி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

நீங்களும் கேட்காதீர்கள். கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அண்ணாச்சி கையில் இன்னும் அந்தக் கோல் இருக்கிறது.